விசுவாசத்துக்குப் புதியவர்கள் எங்கிருந்து தொடங்குவது?

சபைக்குப் புதிதாக வர ஆரம்பித்தவர்கள் பலரும் கொஞ்ச நாளில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். "பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறார்கள், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இயேசுவைப் பிடித்திருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் நம்புகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நான் வரலாமா?" வரலாம். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பிறந்ததிலிருந்தே ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போதுதான் முதல்முறையாக உண்மையில் யோசிக்க ஆரம்பித்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நற்செய்திக் கூட்டத்தில் கை தூக்கிய அன்றைக்கே விசுவாசம் முழுசாக வந்து இறங்கிவிட வேண்டும், வரவில்லை என்றால் நம்மிடம் ஏதோ கோளாறு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கல்யாணத்தன்று ஒருவரை ஒருவர் நம்பித்தான் கை பிடிக்கிறோம், அந்த நம்பிக்கையும் உண்மையானதுதான். ஆனால் பிள்ளைகளின் காய்ச்சல், கடன், வேலை போனது, ஒருவரை ஒருவர் நோகடித்துப் பின் மன்னித்தது எல்லாம் தாண்டி, முப்பது வருஷம் கழித்து அதே இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிற நம்பிக்கை வேறு கனம் உள்ளது. இயேசுவின்மேல் வைக்கிற விசுவாசமும் ஓர் ஆளின்மேல் வைக்கிற நம்பிக்கைதான் என்பதால், அதுவும் அப்படித்தான் வளர்கிறது. முதல் நாளே முப்பதாவது வருஷத்தின் நம்பிக்கையை உங்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டால் அவர்கள் கேட்டது தவறு.

ஆபிரகாமின் கதையை முழுசாகப் படியுங்கள்

பைபிளில் ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்து 25ஆம் அதிகாரம் 11ஆம் வசனம் வரை ஒரே உட்காரலில் படித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். "விசுவாசிகளின் தகப்பன்" என்று சொல்லப்படுகிற மனிதரின் கதை இது. பிரசங்கங்களில் இதைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்போம், சேர்த்துப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

ஆரான் என்கிற ஊரை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு 75 வயது. கடவுள் சொன்னார், கிளம்பிவிட்டார், சரி. ஆனால் அதே 12ஆம் அதிகாரத்திலேயே பஞ்சம் வந்து எகிப்துக்குப் போகிறார், உயிருக்குப் பயந்து மனைவியைச் சகோதரி என்று சொல்லிவிடுகிறார். 15ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனம், அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதின கடிதங்களில் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகிற வசனம்: "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." இங்கே நிறுத்திவிடாமல் இரண்டு வசனம் தள்ளிப் படியுங்கள். இப்போதுதான் விசுவாசித்தார் என்று எழுதியிருக்கிறது, அதே வாயால் 8ஆம் வசனத்தில், இந்தத் தேசம் எனக்குக் கிடைக்கும் என்பதை "எதினால் அறிவேன்" என்று கேட்கிறார். கடவுள் அதற்காக அவரை அதட்டவில்லை. உடன்படிக்கை செய்துகொடுக்கிறார்.

அடுத்த அதிகாரத்தில், காத்திருக்க முடியாமல், மனைவி சாராளின் வேலைக்காரி ஆகாரிடத்தில் பிள்ளை. இஸ்மவேல் பிறக்கும்போது அவருக்கு 86. 99 வயதில், சாராளுக்குக் குழந்தை பிறக்கும் என்று சொல்லப்பட்டபோது முகங்குப்புற விழுந்து சிரிக்கிறார். 20ஆம் அதிகாரத்தில் அபிமெலேக்கு ராஜாவிடம் மறுபடியும் அதே பழைய பொய், மனைவியைச் சகோதரி என்கிறார்! முதல் தடவை மாட்டிக்கொண்டு எத்தனை வருஷம் ஆகிவிட்டது. 100 வயதில் ஈசாக்கு பிறக்கிறான். அதற்கும் பிறகுதான், 22ஆம் அதிகாரத்தில், அந்த ஈசாக்கையே பலியாகக் கொடு என்று கடவுள் சோதிக்கிற மோரியா மலை வருகிறது.

நாம் மோரியாவை மட்டும் பிரசங்கத்தில் கேட்டுவிட்டு "எனக்கு அந்த விசுவாசம் இல்லை" என்று சோர்ந்துவிடுகிறோம். 75 வயதில் அவருக்கும் அது இல்லை. நடுவில் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலான காத்திருப்பும் சறுக்கலும் இருக்கின்றன, அவ்வளவு காலமும் கடவுள் அவரை விட்டுவிடாமல் கூடவே வந்திருக்கிறார். இன்னொன்றையும் கவனியுங்கள். 23ஆம் அதிகாரத்தில் சாராள் இறந்துபோகிறாள். தேசம் முழுவதும் உனக்கும் உன் சந்ததிக்கும் என்று வாக்குப் பெற்ற மனிதர், மனைவியை அடக்கம் பண்ண 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து மக்பேலா என்கிற இடத்தில் ஒரு நிலத்தையும் குகையையும் வாங்குகிறார். வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட நாட்டில் அவர் பேரில் இருந்த நிலம் அது ஒன்றுதான். பாக்கியைப் பார்க்காமலேதான் இறந்தார்.

அப்புறம் மாற்கு

அடுத்தது ஒரு சுவிசேஷம், அதாவது இயேசுவின் வாழ்க்கையைச் சொல்கிற புத்தகம். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வரிசையாகப் படிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள், அதனால் மாற்கு எழுதின சுவிசேஷத்துக்கு நேராகப் போய்விடுங்கள். 16 அதிகாரம்தான், நான்கு சுவிசேஷங்களில் சின்னது அதுதான். தினம் அரை அதிகாரம் என்றால் ஒரு மாதம். பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை எடுத்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. செல்போனிலும் படிக்கலாம், ஆனால் பேனாவால் கோடு போடவும் ஓரத்தில் கேள்வி எழுதவும் ஒரு புத்தகம் கையில் இருப்பது நல்லது.

படிக்கும்போது "இதை நான் நம்புகிறேனா" என்று ஒவ்வொரு வரியிலும் உங்களைச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள். இவர் எப்படிப்பட்டவர், யாரிடம் எப்படிப் பேசுகிறார், எதற்குக் கோபப்படுகிறார், யாரைத் தொடுகிறார் என்று அவரையே பாருங்கள். நம்பத்தக்கவரா என்கிற கேள்விக்கு அங்கேதான் பதில் கிடைக்க ஆரம்பிக்கும்.

மாற்குவில் ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும். 8ஆம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊரில் ஒரு குருடனைக் கொண்டுவருகிறார்கள். இயேசு அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிப் போய், கண்களில் உமிழ்ந்து, அவன்மேல் கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். அவன் ஏறிட்டுப் பார்த்து, நடக்கிற மனுஷர் மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்கிறான். மறுபடியும் கண்கள்மேல் கை வைக்கிறார், அப்போது தெளிவாகப் பார்க்கிறான். இரண்டு கட்டமாக நடந்த இந்தச் சுகம் வேறு எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. மாற்கு இதை எங்கே வைத்திருக்கிறார் பாருங்கள்: உடனே அடுத்தது, நீர் கிறிஸ்து என்று இயேசுவின் சீஷர் பேதுரு சொல்லுகிற இடம். அதற்கு நாலு வசனம்கூடத் தாண்டவில்லை, சிலுவைக்குப் போகவேண்டாம் என்று அதே பேதுரு இயேசுவைத் தனியே இழுத்துக் கடிந்துகொள்ளப்போய், "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். யார் என்று தெரிகிறது, ஆனால் தெளிவாகத் தெரியவில்லை. நீங்கள் இப்போது இருப்பது அந்த முதல் கட்டத்தில் என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் குருடன் செய்தது ஒன்றுதான், தெரிந்த அளவைத் தெரிந்த அளவாகவே சொன்னான். நன்றாகத் தெரிகிறது என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இரண்டாவது தரம் கை வைத்திருப்பாரா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

ஜெபத்துக்கு மேடைத்தமிழ் வேண்டாம்

ஜெபம் பண்ணத் தெரியாது என்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாமல் இருப்பது, சபையில் பெரியவர்கள் ஜெபிக்கிற அந்த நீளமும் நடையும்தான். அது இல்லாமலே ஜெபிக்கலாம். காலையிலோ ராத்திரியிலோ ஐந்து நிமிடம், வீட்டில் பேசுகிற தமிழில், அன்றைக்கு மனதில் இருப்பதைச் சொல்லுங்கள். "ஆண்டவரே, நாளைக்கு மேனேஜரைப் பார்க்கணும், பயமா இருக்கு" என்பது முழு ஜெபம். சொல்ல ஒன்றும் வரவில்லை என்றால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லுங்கள், அல்லது ஒரு சங்கீதத்தைச் சத்தமாகப் படியுங்கள். 23ஆம் சங்கீதத்தை எல்லாரும் சொல்வார்கள், நான் 13ஆம் சங்கீதத்தையும் சேர்த்துச் சொல்வேன். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. கடவுளிடம் இப்படிப் பேசலாம் என்று பைபிளே கற்றுக்கொடுக்கிறது என்பது நிறையப் பேருக்கு ஆச்சரியமாக இருக்கும்.

இங்கே வாக்குத்தத்த வசனத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புது வருஷத்துக்கான கடவுளின் வாக்கு என்று, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம், அல்லது சபைக்கே ஒரு வசனம் கொடுப்பார்கள், அதை வீட்டுச் சுவரில் மாட்டுவோம். எனக்கும் அது பிடித்த வழக்கம்தான். ஆனால் அட்டை கிடைத்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் படிக்கிற பழக்கத்தை முதல் வருஷமே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். எரேமியா 29:11 நிறைய வீட்டுச் சுவரில் இருக்கும்: நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து போன ஒரு கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின 10ஆம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. 5ஆம் வசனம் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறது. அதாவது சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் யாரும் திரும்பி வரப்போவதில்லை என்கிற செய்தியும் அதற்குள்ளேயே இருந்தது. இந்த வருஷ பிரமோஷனுக்கான வசனமாக அதை எடுத்துக்கொண்டு, டிசம்பரில் பிரமோஷன் வராததால் மனசு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வசனத்தை எழுபது வருஷத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டால், பிரமோஷன் வராத டிசம்பரிலும் அது கையில் இருக்கும்.

ஒரு சபையில் உட்காருங்கள்

தனியாக இதைச் செய்ய முடியாது. யூடியூப் பிரசங்கம் ஆயிரம் கேட்டாலும், உங்கள் பெயர் தெரிந்து, ரெண்டு வாரம் வராவிட்டால் போன் பண்ணிக் கேட்கிற நாலு பேர் வேண்டும்.

கத்தோலிக்க ஆலயமோ, சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையோ, பெந்தெகொஸ்தே சபையோ, ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதமாவது அங்கேயே போங்கள். வாராவாரம் மாற்றினால் பாட்டுதான் பழகும், மனிதர்கள் பழகமாட்டார்கள். முதல் நாள் போகிறவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள்: பல சபைகளில் செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில்தான் உட்காருவார்கள், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றும் இருக்கும், பெண்கள் சேலைத் தலைப்பாலோ துப்பட்டாவாலோ முக்காடு போடுவார்கள். எல்லாரும் எழுந்தால் எழுந்திருங்கள், தெரியாத இடத்தில் சும்மா நின்றால் போதும். காணிக்கைப் பை வரும்போது போட்டே ஆக வேண்டும் என்றில்லை. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து அல்லது நற்கருணை நேரத்தில் பொதுவாக ஞானஸ்நானம் பெற்று அதற்கு ஆயத்தமானவர்கள்தான் முன்னால் போவார்கள், நீங்கள் உட்கார்ந்தே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். சந்தேகம் இருந்தால் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்தச் சபையிலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். மாத்திரையை நிறுத்து, அதுதான் விசுவாசம் என்று சொல்கிற இடம். இவ்வளவு விதைத்தால் இவ்வளவு அறுப்பாய் என்று தொகை பேசுகிற இடம். அப்பா அம்மாவோடு பேசாதே என்று பிரிக்கிற இடம். கேள்வி கேட்டாலே பிசாசின் வேலை என்கிற இடம். நல்ல சபைகளிலும் குறை இருக்கும், சாதி பார்ப்பது உட்பட. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் வைத்த ஊர்கள் நம்மிடம் உண்டு, அதைப் பார்க்கும்போது உங்களுக்கு வலித்தால் அந்த வலி சரியானது, அதை மரத்துப்போக விடாதீர்கள்.

சபையில் வயதானவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், அவர்களிடம்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. எங்கள் சபையில் ஒரு பாட்டி இருந்தார். கடவுள் தங்களுக்குச் செய்ததை எழுந்து சொல்கிற சாட்சி நேரத்தில் மற்றவர்கள் வேலை கிடைத்தது, விசா வந்தது, வீடு கட்டியது என்று சொல்லும்போது, அவரும் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "மகன் இன்னும் குடியை விடல. கர்த்தர் நல்லவர். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு வருஷமும் அதேதான், ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சின்ன வயதில் அதைச் சாட்சி என்றே நான் எண்ணவில்லை. இப்போது கேட்டால், அந்தச் சபையில் நான் கேட்டவற்றிலேயே பெரிய சாட்சி அதுதான் என்பேன்.

ஒரு சின்ன விஷயத்தில் நம்பிப் பாருங்கள்

படிப்பதும் ஜெபிப்பதும் இருக்கட்டும், நம்பிக்கை வளர்வது நம்பி ஏதாவது செய்யும்போதுதான். பெரிதாக வேண்டாம். இயேசு சொன்னதில் உங்களுக்குத் தெளிவாகப் புரிந்த ஒன்றை எடுத்து, இந்த வாரம் அதன்படி செய்துபாருங்கள். பேசாமல் இருக்கிற தம்பிக்கு முதலில் நீங்கள் போன் பண்ணலாம். கடையில் தவறுதலாக அதிகம் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்கலாம். வீட்டு வேலைக்கு வருகிறவருக்குச் சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பதும் இதில் சேர்த்திதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்கிற உணவு கடவுளிடமிருந்து கிடைத்தபோது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுக்கச் சொல்லியிருந்தது. பயந்துபோய் மறுநாளைக்குச் சேர்த்து வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாறிப்போனது என்று யாத்திராகமம் 16இல் இருக்கிறது. நாளைக்கும் கிடைக்கும் என்பதை அவர்கள் ஒரே நாளில் நம்பிவிடவில்லை. நாற்பது வருஷம் தினம் காலையில் எழுந்து பொறுக்கிப் பொறுக்கித்தான் கற்றுக்கொண்டார்கள். வருமானத்தில் பத்தில் ஒன்றைத் தசமபாகமாகக் கொடுப்பது, வேலையை விட்டு ஊழியத்துக்குப் போவது போன்ற பெரிய முடிவுகளைப் புதிதில் எடுக்காதீர்கள், யார் உசுப்பினாலும்.

சந்தேகம் வரும்போது

வரும். ஆறு மாதத்திலும் வரும், இருபது வருஷத்திலும் வரும். சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதீர்கள்.

இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான் ஸ்நானகன், ஏரோது போட்ட சிறையில் இருந்துகொண்டு ஆள் அனுப்பிக் கேட்கிறார்: "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்கவேண்டுமா?" இவரே உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி என்று விரல் நீட்டிக் காட்டின மனிதர் கேட்ட கேள்வி இது. இயேசு அதற்குப் பதில் அனுப்பிவிட்டு, வந்த ஆட்கள் போன பிறகு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவன் எழும்பினதில்லை என்று கூட்டத்திடம் சொல்கிறார். யோவான் சந்தேகத்தை எங்கே கொண்டுபோனார் என்பதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது. உள்ளேயே வைத்துப் புழுங்கவில்லை, நேராக அவரிடமே கேட்டு அனுப்பினார்.

மாற்கு 9இல் வலிப்பு நோயால் அவதிப்படும் பையனின் அப்பா சொன்னதை மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன அந்த மனிதரின் பிள்ளை சுகமானான். உன் விசுவாசம் போதாது, போய்ச் சேர்த்துக்கொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

ஜெபித்தால் வறட்சியாக இருக்கிறது, கடவுள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை என்கிற காலமும் வரலாம், சிலருக்கு அது நீளும். அன்னை தெரசா 1997இல் இறந்து பத்து வருஷம் கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோது உலகமே திகைத்தது. கொல்கத்தாவின் தெருக்களில் சாகக் கிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பெண், கடவுளின் அருகாமையை உணர முடியாமல் பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டில் இருந்ததாக எழுதியிருந்தார். சிலர் அதைப் படித்துவிட்டு, அப்படியானால் அவருக்கு விசுவாசமே இல்லை என்றார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. உணர்ச்சியின் துணை ஒன்றும் இல்லாமல் அத்தனை வருஷம் தினம் காலையில் எழுந்து ஜெபித்து, அதே வேலைக்குப் போனாரே, விசுவாசம் என்று சொல்ல வேறு என்ன வேண்டும்? உங்களுக்கு அப்படி வந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: ஐந்து நிமிட ஜெபத்தை விடாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை போவதை விடாதீர்கள், ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள். தூக்கம், பசி, அழுகை எல்லாம் மாறிப்போயிருந்தால் டாக்டரையும் பாருங்கள், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

கேட்டது கிடைக்காதபோது

வியாதிக்காக ஜெபித்தோம், சுகமாகவில்லை. அப்போது யாராவது வந்து "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லுவார்கள். அந்த வார்த்தை எத்தனை பேரை நொறுக்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்: அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் என்று தானே சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்கிற பதில்தான் வந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் கடிதத்தின் கடைசியில் சர்வ சாதாரணமாக ஒரு வரி வருகிறது, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாக விட்டுவந்தேன் என்று. பவுல் கூடவே இருந்தவர் துரோப்பீமு. பவுலின் ஜெபத்திலோ துரோப்பீமுவின் விசுவாசத்திலோ குறை என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை.

நம் பக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் குழந்தைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1931இல் விழுந்து அடிபட்டது. அதற்குப் பிறகு 1951இல் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது வருஷம், பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே படுக்கையில்தான் இருந்தார். அவர் சுகமாக வேண்டும் என்று சுற்றி இருந்த பிள்ளைகள் ஜெபிக்காமலா இருந்திருப்பார்கள்? அந்தப் படுக்கையிலிருந்துதான் நிறைய எழுதினார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். அவர் கல்லறைமேல் கல் வேண்டாம் என்று சொன்னதால் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் அம்மா என்று பொருள்படும் சொல் எழுதியிருக்கிறது.

ஆகவே ஜெபியுங்கள், தைரியமாகக் கேளுங்கள், மாத்திரையும் சாப்பிடுங்கள். கேட்டது கிடைத்தால் நன்றி சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்றால் 13ஆம் சங்கீதத்தை எடுத்து அவரிடமே முறையிடுங்கள். அந்தச் சங்கீதத்தை எழுதினவர் கோபத்தோடு வேறு எங்கேயும் போகாமல் அவரிடமே போனதும் நம்பிக்கைதான்.

வீட்டில் உள்ளவர்கள்

வேறு மத வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டமான பகுதி, இதற்குப் பொதுவான விடை ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவின் நம்பிக்கையைக் கேலி பண்ணாதீர்கள், சாமி படங்களைப் பற்றி மட்டமாகப் பேசாதீர்கள். வீட்டு வேலையில் முன்னைவிட அதிகம் கைகொடுங்கள். பண்டிகைக்கு வீட்டில் இருப்பதா, படையல் வைத்ததைச் சாப்பிடுவதா என்கிற கேள்விக்கு 1 கொரிந்தியர் 8, 10 இரண்டு அதிகாரங்களையும் ஒரு மூத்தவரோடு உட்கார்ந்து படியுங்கள், உங்கள் வீட்டின் நிலைமை தெரிந்த ஒருவரோடு. அவசரமாக எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. நீங்கள் மாறியிருப்பதை வீட்டார் பார்த்துவிட்டு அவர்களாகவே கேட்கிற நாள் வரும், அன்றைக்குச் சொல்லுங்கள்.

ஞானஸ்நானம் எப்போது எடுப்பது

கடைசியாக எல்லாரும் கேட்கிறது இது. அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி, இதோ தண்ணீர் இருக்கிறதே என்று கேட்டு அன்றைக்கே வழியிலேயே எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் ஏற்கெனவே எருசலேமுக்குப் பணிந்துகொள்ளப் போய்வருகிறவர், ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தவர். ஆரம்ப நூற்றாண்டுகளின் சபை ஒழுங்கு ஒன்றில், புதிதாக வருகிறவர்கள் மூன்று வருஷம் வசனத்தைக் கேட்க வேண்டும் என்றே எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு விதமும் சபைக்குள் உண்டு, அதனால் அடுத்த ஞாயிறே என்று யாரும் உங்களை அவசரப்படுத்தினால் நிதானமாக மறுக்கலாம். எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைத்தபிறகுதான் என்று நீங்களே தள்ளிப்போட்டுக்கொண்டும் போக வேண்டாம், அந்த நாள் வராது. மாற்குவை முழுசாக ஒருமுறை படித்திருக்கிறீர்களா, இந்தச் சபையில் உங்களை அறிந்த நாலு பேர் இருக்கிறார்களா, இயேசுவைப் பின்பற்ற வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருக்கிறதா, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே? இவ்வளவும் சரி என்றால் ஆயரிடம் பேசுங்கள், ஆயத்த வகுப்பில் சேருங்கள். வகுப்புக்குப் போகும்போது, மாற்குவின் ஓரத்தில் எழுதி வைத்த கேள்விகளை ஒரு தாளில் எடுத்து எழுதிக்கொண்டு போங்கள். பதில் தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்கிற ஆயர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.